நீண்ட தூர ஓட்டத்தில் கால் கொப்புளம் வராமல் தடுப்பது எப்படி?

ஒரு கையின் ஆள்காட்டி விரலை மறு கையின் புறங்கையில் அழுத்தி வையுங்கள். விரல் வழுக்காமல், தோலையும் சேர்த்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தோலின் மேல் எதுவும் உரசவில்லை. ஆனாலும் உள்ளே இருக்கும் எலும்பின் மேல் தோல் இழுபடுவது நன்றாகத் தெரியும். ஓடும்போது ஷூவுக்குள் நடப்பது இதேதான். வியர்வையில் சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொள்கிறது, சாக்ஸின் மறுபக்கம் ஷூவோடு ஒட்டிக்கொள்கிறது, எலும்பு மட்டும் ஒவ்வொரு அடியிலும் முன்னே போய்ப் பின்னே வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோலடுக்கு ஒரு கட்டத்தில் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம்.

மேல்தோல் தேய்ந்து எரிவது வேறு, அது சிராய்ப்பு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் வாசலினை அப்பிக்கொண்டு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். 4 மணி நேரத்தில் மாரத்தான் ஓடுபவரின் ஒவ்வொரு காலும் சுமார் 20,000 முறை தரையில் விழுகிறது. 5 கி.மீ. ஓட்டத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு இழுபறி, அத்தனை முறை திரும்பத் திரும்ப நடக்கும்போது தோலைப் பிய்த்துவிடும்.

ஈரத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நன்றாக உலர்ந்த தோலில் உராய்வு குறைவு. வியர்வையில் பிசுபிசுக்கும் தோலில்தான் அது மிக அதிகம். முழுக்க நனைந்து சொட்டும் தோலில் உராய்வு மறுபடி குறையும். ஆனால் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி வலுவிழந்துவிடுவதால் அதை நம்பிப் பயனில்லை.

இடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மருந்து கிடையாது. உங்களுக்கு வழக்கமாக எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்.

குதிகாலின் பின்புறம் வந்தால், ஒவ்வொரு அடியிலும் குதிகால் ஷூவுக்குள் மேலெழும்பி இறங்குகிறது என்று பொருள். லேஸ் தளர்வாக இருக்கலாம், ஷூவின் பின்பகுதி அகலமாக இருக்கலாம், உள்துணி கிழிந்து உள்ளிருக்கும் கடினமான பகுதி துருத்திக்கொண்டும் இருக்கலாம். கெண்டைக்கால் தசை இறுகிப்போனவர்களுக்குக் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்புவதால் இங்கே கொப்புளம் அடிக்கடி வரும். அவர்கள் காலில் டேப் ஒட்டச் செலவிடும் நேரத்தைக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சிக்குக் கொடுப்பது மேல்.

விரல் நுனியில் அல்லது நகத்தின் அடியில் வந்தால், ஷூ நீளம் போதவில்லை, அல்லது இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்குகிறது. கறுத்துப்போன நகமும் பெரும்பாலும் இதே குறையால் வருவதுதான்.

சுண்டுவிரலின் அடிப்புறம் ஓரமாக, கிள்ளியதுபோல வந்தால், விரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கி நசுங்குகிறது. ஷூவின் முன்பகுதி குறுகலாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் இதற்கு நல்ல தீர்வு. விரல் இடுக்குகளில் வருவதற்கும் அதுவே.

முன்பாதத்தின் அடியில், விரல்களுக்குச் சற்றுக் கீழே உள்ள மேட்டில் வருவதுதான் இருப்பதிலேயே தொல்லை பிடித்தது. தோல் தடிமனாக இருப்பதால் கொப்புளம் ஆழத்தில் உருவாகிறது, வடிப்பதும் கடினம். வேகமாக ஓடும்போதும், வளைவுகளில் திரும்பும்போதும், இறக்கத்தில் கால் பிரேக் போடும்போதும் இந்த இடம் அதிகமாக இழுபடுகிறது. இங்கே தோலில் ஒட்டுவதை விட, ஷூவின் இன்சோல் (உள்ளே பாதம் படும் மெத்தை) மேல் ஒட்டும் வழவழப்பான டெஃப்ளான் ஒட்டுத்துண்டு நன்றாக வேலை செய்கிறது. வியர்வையில் நனைந்தாலும் அதன் வழவழப்பு குறைவதில்லை, காலிலிருந்து பிய்ந்து சுருளும் பிரச்சினையும் இல்லை.

பாதத்தின் உள்வளைவில் வந்தால் இன்சோலின் விளிம்பு குத்துகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். புதிதாக வாங்கிப் போட்ட இன்சோல்தான் இதில் வழக்கமான குற்றவாளி.

ஷூவும் லேஸும்

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நடமாடிய பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். எழுந்து நின்றால், மிக நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாக, இடம் இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதை வைத்து அளக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவையே எடுங்கள். பாதத்தின் அகலமான பகுதி ஷூவின் அகலமான பகுதியில் உட்கார வேண்டும். அங்கே துணி இறுகிப் பிதுங்கினால் ‘போகப் போக இளகிவிடும்’ என்று நம்ப வேண்டாம்.

குதிகால் எழும்பினால் ஷூவை மாற்றும் முன் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் மேலே, சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் துளை இருக்கும். அது இதற்காகத்தான்.

1. அதற்கு முந்தைய துளை வரை வழக்கம்போல லேஸைக் கோத்துக்கொள்ளுங்கள்.
2. லேஸின் ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளையில் வெளியிலிருந்து உள்ளே நுழையுங்கள். இரண்டு துளைகளுக்கும் நடுவே வெளிப்புறத்தில் ஒரு சிறு வளையம் நிற்கட்டும்.
3. வலது முனையை இடது வளையத்துக்குள்ளும், இடது முனையை வலது வளையத்துக்குள்ளும் விடுங்கள்.
4. குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னே உட்கார வையுங்கள். இரு முனைகளையும் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி, பிறகு முடிச்சுப் போடுங்கள்.

இறுக்கம் கணுக்காலுக்கு அருகில் மட்டும் போதும். விரல் பக்கம் லேஸ் தளர்வாகவே இருக்கட்டும். பாதத்தின் மேற்புறம் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம்.

புது ஷூவைப் போட்டியன்று முதன்முதலாகப் போடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்ன ஓட்டங்களில் தொடங்கி, குறைந்தது ஒரு நீண்ட பயிற்சி ஓட்டமாவது அதில் முடித்திருக்க வேண்டும்.

சாக்ஸ்

பருத்தி வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஊதி, வடிவம் கெட்டு மடிந்துபோகும். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் அல்லது இவற்றோடு மெரினோ கம்பளி கலந்த சாக்ஸ் எடுங்கள். அளவு சரியாக இருக்கட்டும்: குதிகாலுக்கான குழிவு குதிகாலில் உட்கார வேண்டும், விரல் முனையில் துணி மிஞ்சக் கூடாது. உள்ளே கையை விட்டுத் தையல்களைத் தடவுங்கள். விரலுக்கு உறுத்தும் தையல் 30 கி.மீ.க்கு மேல் கத்தியாகிவிடும்.

இரட்டை அடுக்கு சாக்ஸின் தந்திரம் எளிமையானது. இழுபறி தோலுக்குள் நடப்பதற்குப் பதிலாக இரண்டு துணிகளுக்கு நடுவே நடந்துவிடுகிறது. மெல்லிய சாக்ஸின் மேல் இன்னொன்றைப் போட்டும் இதைச் செய்யலாம், ஆனால் அதற்கு ஷூவில் இடம் இருக்க வேண்டும். இறுகலான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் அழுத்தம் கூடி, வராத கொப்புளமும் வரும்.

தோலைத் தயார் செய்வது

தோல் பழகும். ஓட்ட தூரத்தை வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டும்போது தோலும் அந்த இழுபறிக்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்கிறது. இடையில் சில வாரங்கள் ஓடாமல் இருந்துவிட்டு நேராக 25 கி.மீ. போவது கால்களுக்கு முன்னால் தோலைத்தான் பழிவாங்கும்.

காய்ப்பு பாதுகாப்பு என்று நினைத்து அதை வளர்ப்பவர்கள் உண்டு. தடித்த காய்ப்பின் அடியில் வரும் கொப்புளத்தை வடிக்கவே முடியாது. குளித்தபின் மென்மையான அரத்தால் தேய்த்து, பக்கத்துத் தோலோடு சமமாகும் அளவுக்குக் குறையுங்கள். பிளேடு வேண்டாம். ஓட்டத்துக்கு முதல் நாள் செய்யவும் வேண்டாம். நகங்களைச் சில நாட்கள் முன்பே நேராக வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்கிவிடுங்கள். வெடிப்பு வராமலிருக்க இரவில் காலுக்குக் கிரீம் தடவலாம், ஆனால் ஓடும் நாள் காலையில் தோல் உலர்ந்திருக்க வேண்டும்.

பாதம் அதிகம் வியர்ப்பவர்கள் வியர்வைத் தடுப்பானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 20% அலுமினியம் குளோரைடு கரைசலை முன்னதாகக் குறைந்தது 3 இரவுகள் தடவிக்கொண்ட அமெரிக்க ராணுவ மாணவர்களில் 21 கி.மீ. நடைக்குப் பின் 21% பேருக்கே கொப்புளம் வந்தது. மருந்தில்லாத கரைசலைத் தடவியவர்களில் 48%. பலன் தெளிவாக இருந்தாலும், மருந்து தடவியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சலும் வந்தது. முயல விரும்பினால் பல வாரங்கள் முன்பே ஒரு சிறு இடத்தில் தடவிப் பாருங்கள். டால்கம் பவுடரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வியர்வையில் அது கட்டிகட்டியாகி மணல்போல உறுத்தும்.

வாசலினா, டேப்பா?

வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி முதல் ஒரு மணி நேரம் உராய்வை நன்றாகவே குறைக்கும். அதன்பின் துணி அதை உறிஞ்சிக்கொள்ள, பலன் கரைந்துபோகும். 3 மணி நேரத்தில் உராய்வு பழைய நிலையையும் தாண்டக்கூடும். ஆகவே 10 கி.மீ. ஓட்டத்துக்கு அது போதும், மாரத்தானுக்கு நடுவில் மறுபடி தடவ வேண்டியிருக்கும். சிலிக்கோன் கலந்த களிம்புகள் இன்னும் சற்று நேரம் தாங்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: டேப் ஒட்டும் காலில் எந்தக் களிம்பும் ஆகாது, ஒட்டாது.

டேப்பைப் பொறுத்தவரை மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணக் காகித டேப்பே போதும். 2016இல் வெளியான ஆய்வில், 250 கி.மீ. தூரத்தை ஆறு கட்டங்களாக ஓடியவர்களின் பாதத்தில் கொப்புளம் வரக்கூடிய இடங்களில் இதை ஒட்டியபோது கொப்புளங்கள் 40% குறைந்தன. உரிக்கும்போது தோலைப் பிய்க்காது என்பதும் நல்ல விஷயம். குதிகால்போல அதிகம் அசையும் இடங்களுக்கு நீளும் தன்மையுள்ள கைனிசியாலஜி டேப் நிலைத்து நிற்கும்.

ஒட்டும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பாதத்தைக் கழுவி, முழுக்க உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்குங்கள். டேப்பின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் கிளம்பும். வழக்கமாகக் கொப்புளம் வரும் இடத்தைத் தாண்டிச் சுற்றிலும் 2 செ.மீ. வரை டேப் படர வேண்டும். இழுத்து ஒட்டாதீர்கள், சுருக்கமும் இருக்கக் கூடாது. ஒரு சுருக்கம் விழுந்தாலும் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள், ஏனென்றால் அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளம். விரலைச் சுற்றினால் இறுக்க வேண்டாம், விரல் வீங்கும். ஒட்டியபின் உள்ளங்கையால் அரை நிமிடம் தேய்த்துச் சூடாக்குங்கள், பசை நன்றாகப் பிடிக்கும். காலையில் ஷூ மாட்டும் அவசரத்தில் ஒட்டுவதை விட முதல் நாள் இரவே ஒட்டுவது நல்லது. அதிகம் வியர்ப்பவர்கள் முதலில் பென்சாயின் டிங்சர் என்னும் பிசின் கரைசலைத் தடவி, அது பிசுபிசுக்கும் பதத்துக்கு உலர்ந்தபின் டேப்பை வைக்கலாம். வெட்டுக்காயத்தில் அது பட்டால் கடுமையாக எரியும். கடைசியாக, சாக்ஸை உருட்டிக்கொண்டு மாட்டுங்கள். இழுத்து மாட்டினால் டேப் விளிம்பு சுருண்டுவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

வெயிலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்பவர்கள் முன்னே குனிந்து ஊற்ற வேண்டும். நிமிர்ந்து நின்று ஊற்றினால் அது கால் வழியாக நேரே ஷூவுக்குள் இறங்கும். மணல், சிறுகல் உள்ளே போனால் உடனே தட்டிவிடுங்கள். மிக நீண்ட ஓட்டங்களில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் கையோடு இருக்கட்டும். மாற்றும்போது பாதத்தைத் துடைத்துச் சில நிமிடம் காற்றாட விடுங்கள்.

ஓர் இடம் சூடாகி, சுருக் சுருக்கென்று எரியத் தொடங்கினால் அதுதான் எச்சரிக்கை மணி. தோல் இன்னும் கிழியவில்லை. அங்கேயே நின்று, மடிந்த சாக்ஸை நீவி, லேஸைச் சரிசெய்து, ஒரு துண்டு டேப் ஒட்டினால் மூன்று நிமிடத்தில் வேலை முடியும். அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரை பார்க்கலாம் என்று ஓடினால் அந்த வாய்ப்பு போய்விடும். நொண்டி ஓடுவதும் வேண்டாம், நடை மாறினால் முழங்காலும் சேர்ந்து வலிக்கும்.

வந்துவிட்டால்

சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். மூடிய தோலை விடச் சிறந்த கட்டு கிடையாது. பெரிதாகி, விம்மி, நடக்கவே வலித்தால் வடிக்கலாம். கையைக் கழுவி, கொப்புளத்தைக் கிருமிநாசினியால் துடையுங்கள். உறையிலிட்ட புது ஊசி சிறந்தது, இல்லையென்றால் ஸ்பிரிட்டில் சுத்தம் செய்த ஊசி. தீயில் காட்டினால் கரி படியும். கொப்புளத்தின் ஓரத்தில், கீழ்ப்பக்கமாக இரண்டு மூன்று சிறு துளைகள் இட்டு, பஞ்சால் மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள். கிருமிநாசினிக் களிம்பு, அதன்மேல் ஒட்டாத வகைக் கட்டு, அதன்மேல் டேப் என்ற வரிசையில் மூடுங்கள். டேப்பின் பசை நேரடியாகக் கொப்புளத்தின் மேல் பட்டால், எடுக்கும்போது தோலும் கூடவே வந்துவிடும்.

மேல்தோல் ஏற்கெனவே உரிந்து செந்தசை தெரிந்தால் கழுவிவிட்டு, ஜெல்போன்ற ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டரை ஒட்டி, அது தானாகக் கிளம்பும் வரை சில நாட்கள் விடுங்கள். ரத்தம் கோத்த கொப்புளத்தைக் குத்த வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலில் ரத்த ஓட்டமோ உணர்ச்சியோ குறைந்தவர்களும் எதையும் தாமாகக் குத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவர்களும் சீழ், பரவும் சிவப்பு, சூடு, காலில் மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.