கருந்தடத்துக்கு அசெலாயிக் ஆசிட்: எப்படிப் பூசுவது?

பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருந்தடத்துக்கும் கன்னத்தில் படரும் மங்குக்கும் பொறுமையாகப் பூசினால் பலன் தருவது அசெலாயிக் ஆசிட். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக உதவும் டைரோசினேஸ் நொதியை இது மட்டுப்படுத்தும். பருவையும் குறைப்பதால் புதுத் தடங்கள் விழுவதும் குறையும். கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு.

10, 15, 20 சதவீத அளவுகளில் வருகிறது. இதுவரை எந்த ஆசிடும் பூசாதவர்கள் 10-இல் தொடங்கலாம்.

இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, 15 நிமிடம் விடுங்கள். ஈரம் இருக்கும்போதே பூசுவதால்தான் பலருக்கும் எரிகிறது. மூக்கோரம், வாயோரம், கண்ணோரத்தில் மெல்ல வாஸ்லின். பிறகு பட்டாணி அளவு கிரீமை நெற்றி, கன்னங்கள், மூக்கு, தாடை என ஐந்து பொட்டாக வைத்துப் பரப்பி, மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும்.

தொடக்கத்தில் எறும்பு ஊர்வது போல அரிக்கும். சற்று நேரத்தில் அடங்கினால் கவலையில்லை. மறுநாளும் சிவந்து தோல் உரிந்தால் நான்கு நாள் நிறுத்துங்கள். திரும்பத் தொடங்கும்போது மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, அதன்மேல் இதைத் தடவுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம்: மாநிறத் தோலில் எரிச்சலே புதுக் கருமையை உண்டாக்கும். வைட்டமின் சி, கிளைகாலிக் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

காலையில் சன்ஸ்கிரீன் தேய்க்கும்போது அழிரப்பர் துகள் போல வெள்ளையாக உருள்கிறதா? கிரீம் அதிகம், அல்லது அடியில் இருப்பது காயவில்லை. அளவைக் குறையுங்கள், தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனே நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது.

மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னலோரம், அதே நேரம் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணாடியை நம்பினால் மூன்றாவது வாரமே சலித்துவிடும். சாம்பல் நீலமாகத் தெரியும் தடம் ஆழத்தில் இருப்பது, கிரீமுக்கு எளிதில் மசியாது. கழுத்து மடிப்பில் வெல்வெட் போலத் தடித்த கருமையென்றால் நாரால் தேய்க்காமல் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

‘சீக்கிரம் வெளுக்கும்’ என்று கடையில் வேறு டியூபைக் கொடுத்தால் பெயரைப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தொடாதீர்கள்.