லாக் என்று பேர் இருந்தால் அழித்துவிடலாமா?

போன மாதம் டிஸ்க் 96 சதவீதம் நிரம்பிவிட்டது என்று அலாரம் வந்ததும், புதிதாகச் சேர்ந்த தம்பி நேராக டேட்டாபேஸ் சர்வரின் டேட்டா டைரக்டரிக்குள் போய் ஆர்எம் (பைலை அழிக்கும் கமாண்ட்) என்று அடித்துவிட்டு என்டருக்கு விரலைக் கொண்டுபோனார். பின்னால் நின்றிருந்ததால் கையைப் பிடித்தேன். "பழைய லாக்தானே அண்ணா?" என்றார். நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டேன், கேட்பதற்கு முன்னாலேயே என்டரும் அடித்திருந்தேன்.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதாதே, பேக்கப் எடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுவோம்.

பின்லாகைக் கையால் அழிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. மாங்கூழ் வியாபாரக் கணக்கு, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில். அதில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது வரிசையாக எழுதி வைக்கும் பைல்தான் பின்லாக். கிருஷ்ணகிரியில் மெயின் சர்வர், பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் ஒவ்வொரு ரெப்ளிகா, அதாவது பின்லாகைப் படித்து அதே டேட்டாவை வைத்திருக்கும் நகல் சர்வர். ஜூன் மாதம், லாரி லாரியாக மாங்காய் வருகிறது, எடைமேடைப் பதிவு ஓயவே இல்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய பின்லாக் பைல்களை ஆர்எம் போட்டுத் தூக்கினேன். போச்சம்பள்ளிக்கு ரோட்டில் கேபிள் அறுந்து நாலு நாளாக லைன் இல்லை என்பது அப்போது நினைவிலேயே இல்லை.

லைன் வந்ததும் அந்த ரெப்ளிகா, விட்ட இடத்திலிருந்து தொடர அதே பழைய பைலைக் கேட்டது. பைல் இல்லை. பிழை 1236, அதோடு நின்றுவிட்டது. இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், பைலை அழித்தாலும் பின்லாக்குகளின் பட்டியலான இண்டெக்ஸ் பைலில் அதன் பேர் அப்படியே கிடக்கும், அதனால் அதற்கப்புறம் முறையாகப் பர்ஜ் கமாண்ட் (பழைய பின்லாகை அழிக்க மைஎஸ்க்யூஎலே தருவது) கொடுத்தாலும் அதுவும் பிழை சொல்லும், இண்டெக்ஸைக் கையால் திருத்துகிற வரைக்கும்.

முழு டேட்டாவையும் மறுபடி அனுப்ப அந்த லைன் தாங்காது. கடைசியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி பஸ் ஏறினேன். ஞாயிறு அங்கே சந்தை, உட்கார இடம் கிடைக்குமா? டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றே போனேன்.

சரி, பர்ஜ் பைனரி லாக்ஸ் கொடுத்தால் போதுமா? அதுவும் இணைப்பில் இருக்கிற ரெப்ளிகா படித்துக்கொண்டிருக்கும் பைலைத்தான் விட்டுவைக்கும். லைன் அறுந்து கிடப்பவனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பர்ஜுக்கு முன்னால் ஒவ்வொரு ரெப்ளிகாவிலும் ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் பாருங்கள், ரிலே_சோர்ஸ்_லாக்_பைல் என்ற வரியில் எந்தப் பின்லாக் பைல் எண் என்று குறித்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் பின்தங்கிய எண் எதுவோ அதற்கு முந்தியதை மட்டும் தொடுங்கள். ஒரு ரெப்ளிகா பதில் சொல்லவில்லையா, அன்றைக்குப் பர்ஜ் கிடையாது. இடம் வேண்டுமென்றால் வேறு எதையாவது நகர்த்துங்கள்.

டீபால்ட் 30 நாளை நம்புவது

மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பு முதல் பின்லாகை 25,92,000 விநாடி, அதாவது 30 நாள், தானாகவே வைத்திருக்கும். டிசம்பரில் 30 நாள் பின்லாக் ஒரு மூலையில் அடங்கிவிடும், ஜூனில் அடங்காது. சீசன் அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள். குறைப்பதானால், லைன் அதிகபட்சம் எத்தனை நாள் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ரெப்ளிகாவைத் திருப்பிக் கட்டும் நாளையும் கூட்டி, அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

போஸ்ட்கிரஸில் ஸ்லாட்டை மறப்பது

போஸ்ட்கிரஸ் இன்னொரு டேட்டாபேஸ், இங்கே கதை தலைகீழ். ரெப்ளிகா செத்துப் போனாலும் அதன் ஸ்லாட் (அது எதுவரை படித்தது என்று மெயினில் இருக்கும் குறிப்பு) இருக்கிற வரை மெயின் சர்வர் வால் பைல்களை (போஸ்ட்கிரஸின் மாற்றப் பதிவு) விடாமல் பிடித்து வைத்திருக்கும், டிஸ்க் நிரம்பி மெயினே படுத்துவிடும். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வரம்பு போட மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் இருக்கிறது, ஆனால் டீபால்டில் வரம்பே இல்லை, நாம்தான் போட வேண்டும். வரம்பைத் தாண்டினால் அந்த ரெப்ளிகா போய்விடும், மெயின் பிழைக்கும். எது முக்கியம் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிஜி_எக்ஸ்லாக் என்ற போல்டர் பேரை 10ஆம் பதிப்பில் பிஜி_வால் என்று மாற்றியதற்கு ஒரு காரணம், லாக் என்று பார்த்ததும் அழித்த நம்மைப் போன்றவர்கள்தான்.

லாக்ரொட்டேட்

பழைய லாகைச் சுழற்றி அழிக்கும் இந்தக் கருவி எர்ரர் லாகுக்குச் சரி. பின்லாகுக்கு வேண்டவே வேண்டாம்.

ரிலே லாக்

மெயினிலிருந்து வந்த பின்லாகை ரெப்ளிகா தன்னிடம் எழுதி வைக்கும் பைல் இது. கை வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் அதுவே அழித்துக்கொள்ளும்.