அடுக்கித் தா எண்டு மட்டும் சொன்னா காணாது

கிளிநொச்சிப் பக்கம் நெல்லு வாங்கிற ஆளுக்கு ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதவேணும், இல்லாட்டி ஏஐயிட்ட எழுதச் சொல்லப்போறீங்கள் எண்டு வையுங்கோ. "வாங்கின மூடையளை விலைப்படி அடுக்கித் தா" எண்டு மட்டும் சொன்னா அது ஒண்டுமே இல்லாத வெறும் லிஸ்டைத் தந்தாலும் பிழை சொல்லேலாது, ஏனெண்டா ஒண்டுமில்லாத லிஸ்டும் அடுக்கினதுதானே! அதால உள்ள போனதெல்லாம் கூடாமக் குறையாம வெளிய வரவேணும் எண்டதையும் எழுதுங்கோ. ரெண்டு பேருக்கு ஒரே விலை எண்டா ஆர் முதல்? மூடை எண்டா எத்தினை கிலோ? காஞ்சதோ பச்சையோ?

உதாரணம் குடுத்துச் சொல்லுறது லேசு, எக்செல் 2013 இல வந்த ஃபிளாஷ் ஃபில் (உதாரணத்தைப் பாத்து மிச்சப் பெட்டியளைத் தானே நிரப்பிறது) அப்பிடித்தான், ஆனா 2 குடுத்தா 4 எண்டு ஒண்டை மட்டும் காட்டினா இரட்டிக்கிறதும் சரி, வர்க்கமும் சரி, ரெண்டைக் கூட்டிறதும் சரி. 3 குடுத்தா 6 எண்டு காட்டுங்கோ, மற்ற ரெண்டும் விழுந்திடும். குழப்பம் பிரியிற இடத்து உதாரணம்தான் வேணும், ஒரே மாதிரிப் பத்துக் குடுத்துப் பிரயோசனமில்லை.

பழைய ப்ரோகிராமை எடுத்துப் புது இடத்தில பாவிக்கேக்க இன்னும் கவனம். 1996 ஜூன் 4 ஏரியான் 5 ரொக்கட் கிளம்பி ஏறக்குறைய 40 செக்கனில வெடிச்சது, ஏரியான் 4 இன்ர சொஃப்ட்வெயரை அப்பிடியே எடுத்தவை, வேகத்தோட சேந்த ஒரு 64 பிட் எண்ணை அதைவிடச் சின்ன 16 பிட் இடத்துக்குள்ள போடேக்க கொள்ளேல்லை, பழைய ரொக்கட்டுக்கு அந்த வேகம் வராது, புதுசுக்கு வந்திட்டுது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் (ப்ரோகிராமில ஒரு வேலையைச் செய்யிற துண்டு) மேலயே எண் எதுவரை, அலகு என்ன எண்டு எழுதி வையுங்கோ, சிறுபோகத்துக்கு எழுதினதைக் காலபோகத்துக்கு எடுக்கேக்க முதல் அதைத்தான் பாக்கவேணும்.