புது லேப்டாப்பில் குறை தெரிந்தால் என்ன செய்வது

முதலில் ஒன்று: அட்டைப்பெட்டி, தெர்மாகோல், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். திருப்பிக் கொடுக்க உள்ள அவகாசம் முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்குள் சொன்னால்தான் வேறு லேப்டாப் கேட்க முடியும், அதைத் தாண்டினால் வாரண்டியில் பெரும்பாலும் ரிப்பேர்தான்.

திரையில் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக முழுசாக நிரப்பிப் பாருங்கள். வெள்ளையில் ஒரு கரும்புள்ளி அப்படியே நின்றால் அது செத்த பிக்சல் (பிக்சல் என்றால் திரையின் மிகச்சிறிய புள்ளி), கருப்பில் ஒரு புள்ளி அணையாமல் ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருந்தால் சிக்கிக்கொண்ட பிக்சல். இங்கேதான் வம்பு: ஒன்றிரண்டு புள்ளிகளைப் பல நிறுவனங்கள் குறையாகவே எடுத்துக்கொள்ளாது, அதனால் வாரண்டியில் எத்தனை புள்ளி என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். கருப்புத் திரையில் ஓரமாக வெளிச்சம் கசிகிறதா என்பதை இருட்டறையில் பார்க்கலாம், லேசாக இருந்தால் விடுங்கள்.

அப்புறம் பேட்டரி. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் வடிவமைப்புத் திறனும் (தயாரிப்பில் வகுத்த கொள்ளளவு) இப்போதைய முழுச் சார்ஜ் திறனும் வரும், புதுசில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜ் சுழற்சி எண்ணிக்கை (முழு சார்ஜ் அளவு எத்தனை தடவை செலவாகியிருக்கிறது என்பது) நூறைத் தொட்டிருந்தால் யாரோ ஓட்டிய மெஷின்தான், சந்தேகமே வேண்டாம். கீபோர்டு, யூஎஸ்பி, கேமரா எல்லாம் ஐந்து நிமிட வேலை.

குறையை வீடியோ எடுங்கள், சீரியல் எண்ணும் தெரியட்டும். புகாரை மின்னஞ்சலில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். "அப்டேட் போட்டால் சரியாகிவிடும்" என்று இழுத்தடித்தால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.