பழைய ஜீவனாம்ச பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்தால்: கணக்கைப் பிரிக்கும் முறை

2014-ல் போட்ட உத்தரவு. பிள்ளையின் ஜீவனாம்சம் ஐந்தரை லட்சத்துக்கு மேல் பாக்கி என்று 2025-ல் குளச்சல் வீட்டுக்குப் பதிவுத் தபால் வருகிறது. கல்ஃபிலிருந்து ஆள் லீவுக்கு வந்த சமயத்தில் இப்படி வருவது அதிகம். தபாலைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சம்மனை வாங்க மறுத்தால் அது உங்களிடம் சேர்ந்ததாகவே (சார்வு) எடுத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமலே உத்தரவு போடலாம்.

1. வந்தது என்ன தாள்?

வக்கீல் நோட்டீஸ் என்றால் அது கேட்பு மட்டும். அதை வைத்து யாரும் கைது செய்ய முடியாது. சம்மன் என்றால் வாய்தா தேதியில் ஆஜராக வேண்டும். வாரண்ட் என்றால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் வாரண்ட் இருக்கிறதா, எந்த நீதிமன்றம், என்ன எண் என்று கேளுங்கள். பாக்கி எவ்வளவு என்று தீர்மானிப்பது போலீஸின் வேலை இல்லை.

2. மூல உத்தரவை எடுங்கள்

நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி என்று எந்த நீதிமன்றம் உத்தரவிட்டதோ அங்கே நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) எண்ணும் ஆண்டும் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் தேடிப் பார்க்கலாம். கேரளத்து நெய்யாற்றின்கரையில் வாங்கிய உத்தரவு இங்கே செல்லாது என்று நினைக்காதீர்கள். பணம் கொடுக்க வேண்டியவர் இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம்.

நகலில் நாலு விஷயம் பாருங்கள்: பிள்ளைக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, எந்தச் சட்டத்தில்.

3. மாதவாரியாக எழுதுங்கள்

தகராறில் பாதி இங்கேயே தெளியும். உதாரணம்: மகனுக்கு மாதம் ரூ.4,000, 2014 பிப்ரவரி முதல். 2025 அக்டோபர் நோட்டீஸ் 141 மாதத்துக்கு ரூ.5,64,000 கேட்கிறது. மகனுக்கு 2021 ஜூனில் 18 வயது முடிந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் வாங்கிய உத்தரவு என்றால் கணக்கு அதோடு நிற்கும்: 89 மாதம், ரூ.3,56,000. மீதி ரூ.2,08,000 கேட்பில் சேரக்கூடாது. பிள்ளை உடலாலோ மனதாலோ இயலாதவராக இருந்தால் 18 எல்லை பொருந்தாது. மனைவிக்கான பங்கும் பிள்ளையின் வயதைப் பொறுத்து நிற்காது.

பக்கத்தில் இன்னொரு பத்தியில் கொடுத்ததை எழுதுங்கள்: வங்கிப் பரிமாற்றம், மணியார்டர், கோர்ட்டில் கட்டிய ரசீது. மாமனார் கையில் கொடுத்தது, கோயில் கமிட்டி முன்னால் கொடுத்தது எல்லாம் எழுத்து இல்லாவிட்டால் நிரூபிப்பது கஷ்டம். நேராகப் பள்ளியில் கட்டிய ஃபீஸ் தானாகக் கழியாது. கழிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். வங்கிகள் பழைய விவரத்தை என்றென்றைக்கும் வைத்திருக்காது, அதனால் ஸ்டேட்மெண்டை முதலில் கேளுங்கள்.

4. காலக்கெடு

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ல் (2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144) வந்த உத்தரவு என்றால், தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் கேட்க முடியும். இதை வைத்து "பழைய பாக்கி செத்துப்போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. வாரண்ட் வழிதான் அடைபடுகிறது, உரிமை போகாது, சிவில் வழி இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. அந்த சிவில் வழக்குக்கும் பொதுவாக 3 ஆண்டு கெடு உண்டு. மைனருக்கு 18 முடிந்தபின் 3 ஆண்டு.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். அந்தக் காலத்திலேயே கெடுவுக்குள் வசூல் மனு போட்டு அது நிலுவையில் கிடந்தால், பின்னால் சேர்ந்த மாதங்களையும் அதிலேயே கேட்கலாம். ஆகவே பழைய மனு இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப நீதிமன்ற டிகிரி (சிவில் தீர்ப்பாணை) என்றால் ஒவ்வொரு தவணைக்கும் 12 ஆண்டு வரை ஈ.பி. (நிறைவேற்று மனு) போடலாம், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி ஆகலாம்.

5. பதில்

கணக்கு முடியும்வரை எதிலும் "முழுத்தொகையும் தருகிறேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். காலம் கடந்த கடனுக்கும் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குறுதி ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். பதிலில் மாதக்கணக்கையும் ரசீது நகலையும் இணைத்து, ஒப்புக்கொள்ளும் தொகையை மட்டும் சொல்லுங்கள். அந்தத் தொகையில் முடிந்ததைக் கோர்ட்டிலோ வங்கி வழியாகவோ உடனே கட்டிவிட்டு, மீதிக்குத் தவணை கேளுங்கள். கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் கடன் தீரும் என்பது 1989-லேயே உச்ச நீதிமன்றம் தள்ளிய எண்ணம். சிறை போனாலும் பாக்கி அப்படியே நிற்கும்.

மாதத்தொகை இன்னும் ஓடிக்கொண்டிருந்து வருமானம் குறைந்திருந்தால், குறைக்கக் கோரி பி.என்.எஸ்.எஸ். 146-வது பிரிவில் தனி மனு போடுங்கள். அதுவரை பழைய தொகைதான் ஓடும். கெடு கடந்ததையும் பேசித் தீர்ப்பதானால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. கேட்கும் தரப்பில் பெண்ணும் பிள்ளையும் இருந்தால், வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.