ஊட்டியில் போட்ட டைமிங், கல்லாறில் கேட்கும் நாக்

டிஎன் 43 (நீலகிரி) பதிவெண் பத்மினிக்கோ கார்புரேட்டர் மாருதி 800-க்கோ ஈசியூ, அதாவது பெட்ரோல் அளவையும் பிளக் பொறி விடும் நேரத்தையும் (டைமிங்) கணக்கிடும் எலக்ட்ரானிக் பெட்டியை, மாட்டுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வண்டியை ஊட்டியிலேயே டியூன் பண்ணி வேலை முடிந்ததென்று நினைப்பது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் அங்கே 77 சொச்சம்தான். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் அதற்கு மேல் ஏறாது. ஈசியூ டேபிளில் 80, 90, 100 கிலோபாஸ்கல் என்று இருக்கிற மேல் வரிசைகளை உங்கள் எஞ்சின் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. எவரோ ஏற்றிக்கொடுத்த பேஸ் மேப்பின் (தொடக்க அட்டவணை) உத்தேசக் கணக்குதான் அங்கே இருக்கும். ஒருநாள் மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்புகிறீர்கள். கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் நாலு பேர், இரண்டாவது கியர், முழு மிதி. அந்த மேல் வரிசைகள் முதன்முதலாக வேலைக்கு வருவது அங்கேதான். பர்லியாறு வருவதற்குள் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் கேட்டால், காலை எடுத்துவிடுங்கள். அதுதான் நாக், சிலிண்டரில் கலவை தானாகப் பற்றி வெடிப்பது. பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் போனால் ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டனோ போய்விடும்.

மேல் வரிசைகளை மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரில் டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) வைத்தோதான் முடிக்க வேண்டும். அதுவரை அந்த வரிசைகளில் டைமிங்கைச் சில டிகிரி குறைத்து (பொறியைச் சற்றுத் தாமதமாக்கி), பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைக் கணக்கில் சேர்க்காமல், த்ராட்டில் பொசிஷனை (மிதி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை) மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வம்பு. சில ஈசியூக்கள் சாவி போடும்போது ஒரே ஒரு முறைதான் காற்றழுத்தத்தைப் படிக்கும். கீழே ஸ்டார்ட் செய்து நிறுத்தாமல் மேலே வந்தால், மேட்டுப்பாளையத்துக் காற்று என்றே நினைத்து ஊட்டியிலும் பெட்ரோலைக் கொட்டும். வெளிக் காற்றழுத்தத்தைத் தொடர்ந்து படிக்கும் தனி பாரோ சென்சாருக்குச் செலவு செய்யலாம், வீண் போகாது.

ஈசியூ போடாமல் பழைய கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டரோடு (பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்புவது) இருப்பவர்களும் தப்பவில்லை. மலையில் கலவை ரிச்சாகி (காற்றைவிடப் பெட்ரோல் விகிதம் கூடி) புல்லிங் குறையும். உடனே கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைச் சின்னதாக்கி, டிஸ்ட்ரிபியூட்டரைக் காதுக் கணக்கில் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஊட்டி, குன்னூர் என்று மேலேயே ஓடும் வண்டிக்கு அது பரவாயில்லை. கீழே இறங்கினால் லீன் (பெட்ரோல் குறைந்த) கலவையும் அதிக அட்வான்ஸும் (பொறி முந்தி விழுவதும்) ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். டைமிங் லைட் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். ஐடிலில் மட்டும் பார்த்தால் போதாது, 3,000 ஆர்பிஎம்மிலும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அங்கேதான் குட்டு வெளிப்படும்.

வேலை தொடங்குமுன் கம்ப்ரஷன் (சிலிண்டரின் அமுக்க அழுத்தம்) பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் கோயம்புத்தூரில் 140 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் ஊட்டியில் 110-ஐ ஒட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பதறி ரிங் செட் ஆர்டர் போட வேண்டாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு.

பொறிக்கு மின்சாரம் தரும் காயில் விஷயத்தில் ஆசை கூடாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்டுக்குப் பதில் போடும் எலக்ட்ரானிக் கிட் ஒவ்வொன்றும் காயிலுக்குக் குறைந்தபட்ச ஓம் கணக்கு ஒன்று சொல்லியிருக்கும். 3 ஓம் காயில் இருந்த இடத்தில் 0.7 ஓம் 'ரேசிங்' காயிலை மாட்டினால் மாட்யூல் சூடேறிச் செத்துவிடும். ஈசியூ இருக்கும் வண்டியில் காப்பர் பிளக் ஒயரும் வேண்டாம். அதன் மின் இரைச்சல், எஞ்சின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சார் சிக்னலில் கலந்து, ஆர்பிஎம் முள் தாறுமாறாகக் குதிக்கும். ரெசிஸ்டர் ஒயர், ரெசிஸ்டர் பிளக் போடுங்கள். கிராங்க் சென்சாரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான பழைய எர்த் ஸ்ட்ராப்பை யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

ஜனவரி உறைபனியில் காலையில் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்காமல், சாவியை விட்ட நொடியில் மட்டும் ஒரு துடி துடித்து அடங்குகிறதா? பேட்டரியைக் குறை சொல்லும் முன் ஈசியூவுக்கு எந்த ஒயரிலிருந்து கரண்ட் எடுத்தார்கள் என்று பாருங்கள். ரேடியோ லைனில் கோத்திருப்பார்கள். செல்ஃப் அடிக்கும்போது அது செத்துவிடும்.

இன்ஜெக்‌ஷனுக்கு மாறுகிறவர்கள் டேங்கை மறந்துவிடுகிறார்கள். ஊட்டி–மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், பாதி டேங்க் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டருக்கு மிதவை அறை இருந்தது, தாக்குப்பிடித்தது. இன்ஜெக்டருக்கு அந்த வசதி கிடையாது. டேங்கில் தடுப்பு வையுங்கள், இல்லையேல் பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும் சின்ன சர்ஜ் டேங்க் வையுங்கள். 3 பார் அழுத்தத்துக்குப் பழைய ரப்பர் ஹோஸும் திருகு கிளிப்பும் ஆகவே ஆகாது. இன்ஜெக்‌ஷன் ஹோஸே வேண்டும். கடைசியாக, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடிவிட்டுத் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பம்ப் ரிலேவை ஈசியூ வழியாக இல்லாமல் நேராகக் கோத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.