வெள்ளிக்கிழமை, ஹெட்ஃபோன், ஒரு புது எலக்ட்ரோ-பாப் ஆல்பம்

2015 ஜூலையிலிருந்து புது ஆல்பங்கள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன. பெரிய கம்பெனி ஆட்களின் பாட்டு தானாகவே நம் காதுக்கு வந்துவிடும். வீட்டு அறையில் ஒரு லேப்டாப்பும், மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சின்தசைசரும் வைத்துக்கொண்டு எலக்ட்ரோ-பாப் செய்பவரை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

கலைஞர்கள் நேரடியாகத் தங்கள் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நான் தொடங்குவேன். எலக்ட்ரோபாப், சின்த்பாப் ஆகிய குறிச்சொற்களில் ஒன்றைப் போட்டு, புதிதாக வந்தவை முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். பத்தில் எட்டு பிடிக்காது, பரவாயில்லை. ஒன்று பிடித்துவிட்டால் ஆல்பம் அட்டைக்குப் பக்கத்தில் பாருங்கள். அதை வாங்கியவர்களின் படங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அதில் ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கிய எல்லாமே திறக்கும். எனக்குப் பிடித்த இசையில் பாதி இப்படிக் கிடைத்ததுதான். கைக்காசு போட்டு வாங்கியவரின் ரசனையை எந்தப் பரிந்துரைப் பட்டியலையும்விட நான் நம்புகிறேன். அப்புறம் பக்கத்தின் அடியில் மிக்ஸிங் (ஒலிகளைக் கலந்து சமன்செய்வது), மாஸ்டரிங் (கடைசி மெருகு) செய்தவர் பெயர் இருந்தால் அதையும் தேடுங்கள். அந்தப் பெயர் வேறு நாலு கலைஞர்களிடம் கூட்டிப்போகும்.

கேட்கும்போது தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். இந்த இசையின் உயிரே பேஸில், அதாவது தாழ்ந்த அதிர்வொலியில் இருக்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். முதல் முறை வெறுமனே கேளுங்கள். இரண்டாம் முறை, தாளத்தில் 'தம்' என்று கனமாக விழும் கிக் டிரம்மைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல பாட்டுகளில் கிக் விழும் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கும் சின்தசைசர் ஒலி சட்டென்று அமுங்கி, அடுத்த அடிக்குள் மெல்ல எழும். பாட்டு மூச்சு விடுவதுபோல் இருக்கும். அதற்குச் சைடுசெயின் என்று பெயர். அந்த மூச்சு எவ்வளவு நீளம் என்பதை ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்திருப்பார். அது ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் பிறகு விடாது.

பிடித்திருந்தால் வாங்குங்கள். பேண்ட்கேம்ப் வழக்கமாக டிஜிட்டல் விற்பனையில் 15% எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில், கொரோனாவால் கச்சேரிகள் நின்றுபோன நேரத்தில், பேண்ட்கேம்ப் ஃப்ரைடே தொடங்கினார்கள். முன்கூட்டி அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் இந்தியாவில் அது வெள்ளி மதியம் 12:30-க்குத் தொடங்கி சனி மதியம் 12:30 வரை ஓடும். அங்கே குளிர்காலமானால் 1:30. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முதல் நாளே திறந்துவையுங்கள். விலையை நீங்களே போடலாம் என்றிருக்கும் இடத்தில் பூஜ்யமும் போடலாம்தான். நான் போடுவதில்லை.

வாங்கியதும் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத) கோப்பாக இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பில் நான் இரண்டு வருடம் தினமும் கேட்ட பாட்டு ஒரு காலையில் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. தொட்டால் ஓடவில்லை. என்னிடம் பிரதி இல்லை.

கடைசியாக, வாங்கியவர்கள் ஆல்பத்தின் கீழே ஒரு குறிப்பு எழுதலாம். "சூப்பர்" என்று மட்டும் போடாதீர்கள். எந்தப் பாட்டு, எந்த இடம் என்று எழுதுங்கள்: "மூன்றாவது பாட்டில் பேஸ் நின்று குரல் மட்டும் வரும் அந்த நாலு நொடி."